திரைக்கு இந்தப் பக்கமும் ஓர் ஆசிரியர் வேண்டும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவைத் தாண்டிப் புதுக்குடியிருப்பை நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது உடையார்கட்டு. குளமும் வயலும் கூலி வேலையுமாக வாழும் ஊர். போர்க்காலத்தில் இங்கே சாதாரண மக்களின் கைகளில் கைத்தொலைபேசி இருக்கவில்லை. இன்று வன்னியின் எந்தச் சந்தியிலும் ரீலோட் போடலாம். தொலைத்தொடர்புக் கோபுரங்கள் வந்துவிட்டன. ஆனால் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நிலைத்து நின்று கற்பிக்கும் ஆசிரியர்களைப் பெறுவது, கோபுரத்தைப் பெறுவதைவிடக் கடினமாகவே இருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்ப இப்போது ஒரு தீர்வு பரவலாகப் பேசப்படுகிறது. ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் ஒரு திரையைப் பொருத்துவது, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ரொறன்ரோவிலோ இருக்கும் ஆசிரியர் ஒருவரை சூம் வழியாகக் கொண்டுவருவது. 2026 இல் தரம் 1 இலும் தரம் 6 இலும் தொடங்குவதாக அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தத்தை ஒட்டியும் டிஜிட்டல் வகுப்பறை பற்றி நிறையப் பேசப்படுகிறது. புலம்பெயர்ந்த பழைய மாணவர்களும் “ஒரு ஸ்மார்ட் போர்ட் வாங்கித் தரட்டுமா?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தத் திரை எங்கே இருக்கப் போகிறது, அதற்குப் பக்கத்தில் யார் நிற்கப் போகிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாவிட்டால், வன்னிப் பாடசாலைகளில் தூசு படிந்து கிடக்கும் பொருள்களில் இன்னுமொன்று கூடும். அவ்வளவுதான்.

பாடசாலை என்பது இங்கே என்ன?

உடையார்கட்டில் பாடசாலை என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. 2006 ஆகஸ்ட் 14 ஆம் திகதி பக்கத்து வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப்படை குண்டு வீசியபோது, கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பாடசாலை மாணவிகள். 2009 ஜனவரியில் சுதந்திரபுரம், உடையார்கட்டு, தேவிபுரம் உள்ளிட்ட பகுதியை அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. அந்த நாள்களில் உடையார்கட்டுப் பாடசாலையில்தான் தற்காலிக வைத்தியசாலை இயங்கியது. மேசைகளும் வாங்குகளும் இருந்த இடத்தில் காயக்காரர்கள் கிடத்தப்பட்டார்கள். அங்கேயும் எறிகணைகள் விழுந்தன.

அதே ஆண்டு ஓகஸ்ட்டில், செட்டிகுளம் முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்தபடியே எமது பிள்ளைகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். எல்லாவற்றையும் இழந்த சனம் ஊர் திரும்பியதும் முதலில் கேட்டவற்றில் ஒன்று, பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்பது. படிப்பு ஒன்றுதான் யாராலும் பறிக்க முடியாத சொத்து என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த ஊர்கள் திரும்பவும் எழுந்தன. அந்த நம்பிக்கையைச் சந்திக்கக்கூடிய தரத்தில் கல்வி கிடைக்கிறதா என்பதே இன்றைய கேள்வி.

வன்னிக்கு நியமனம் பெற்று வரும் ஆசிரியர்களில் பலர் வெளி மாவட்டத்தவர்கள். கட்டாயச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுப் போகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. விடுதி வசதியும் ஒழுங்கான பேருந்தும் இல்லாத இடத்தில் குடும்பத்தைப் பிரிந்து எத்தனை வருடம் இருப்பது? இதற்கிடையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் 1ஏபி பாடசாலைகள் நாட்டின் அரசாங்கப் பாடசாலைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். கிராமத்துப் பிள்ளை கணிதம் அல்லது உயிரியல் படிக்க விரும்பினால் ஊரைவிட்டுப் போகவேண்டும். போகமுடியாத பிள்ளை கலைப் பிரிவுக்குப் போகிறது. அது அந்தப் பிள்ளை விரும்பி எடுத்த முடிவாக எப்போதும் இருப்பதில்லை.

கொவிட் காலம் சொன்ன பாடம்

காணொளிக் கல்வியை நாம் முன்பே ஒரு தடவை பரீட்சித்துப் பார்த்துவிட்டோம். 2020 மார்ச் 13 முதல் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையில் திறந்து, மூடி, 2021 ஏப்ரல் இறுதியில் மறுபடி மூடப்பட்டன. அந்த ஆண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதிதான், 200 பிள்ளைகளுக்கும் குறைவான பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளில் தொடங்கி, படிப்படியாகத் திறக்கப்பட்டன. அந்தக் காலத்தில் கல்வி, கைத்தொலைபேசித் திரைக்குள் போனது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. தொலைக்காட்சியில் குருகெதர நிகழ்ச்சி சிங்களத்திலும், தமிழ்ப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையிலும் போயின. ஆனால் பெரும்பாலான ஆசிரியர்களும் பிள்ளைகளும் நம்பியிருந்தது வட்ஸ்அப்பையும் சூமையும்தான்.

யாருக்கு அது போய்ச் சேர்ந்தது? லேர்ன்ஏசியா நிறுவனம் 2018 இல் செய்த ஆய்வின்படி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் 48 சதவீதத்தில்தான் ஸ்மார்ட் போனோ கணினியோ இருந்தது. இணைய இணைப்பு 34 சதவீதத்தில். அது நாடு முழுவதற்குமான கணக்கு. முல்லைத்தீவின் நிலைமையை விளங்கிக்கொள்ள இன்னுமொரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆம் ஆண்டு வீட்டு வருமானச் செலவின ஆய்வில் நாட்டின் வறுமை வீதம் 14.3 சதவீதம். முல்லைத்தீவு மாவட்டத்தில் அது 44.5 சதவீதம். நாட்டிலேயே மிக உயர்ந்த வீதம் அது. கொவிட் வருவதற்கு முந்திய ஆண்டின் நிலைமை இப்படி.

வீட்டில் ஒரேயொரு போன். அதைக் கூலி வேலைக்குப் போகும் தாயோ தகப்பனோ கொண்டுபோக வேண்டும். மூன்று பிள்ளைகள் என்றால் மூத்ததுக்கா, புலமைப்பரிசில் எழுதும் சின்னதுக்கா என்ற போட்டி. கணவனை இழந்து அல்லது தேடிக்கொண்டே தனியாகக் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்களின் வீடுகளில் இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையாக இருக்கவில்லை. ஏற்கெனவே நுண்கடனில் இருந்த சில குடும்பங்கள் போனுக்காக இன்னுமொரு கடன் எடுத்தன.

சிங்களக் கிராமங்களிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் சமிக்ஞை தேடிக் காட்டுக்குள்ளால் நடந்து மலைப்பாறைக்கு ஏறிய செய்தி 2021 இல் உலகம் முழுவதும் போனது. வறிய கிராமத்துப் பிள்ளை எந்த மொழி பேசினாலும் தண்டிக்கப்பட்டது.

ஆசிரியர்களின் பக்கமும் ஒரு கதை உண்டு. சொந்தப் போன், சொந்த டேட்டா, சொந்த நேரம். 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகின. சம்பள முரண்பாடு பிரதான கோரிக்கை. அதற்கு நான்கு நாள்களுக்கு முன்னர், கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிரான போராட்டத்தில் கைதான இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர், பிணை கிடைத்த பின்பும் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் கொண்டுவரப்பட்ட இடம் முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்பிலவு விமானப்படைத் தளம். நாட்டின் இணையவழிக் கல்வி நின்றுபோன கதையில் எமது மாவட்டத்துக்கும் இப்படி ஓர் இடம் உண்டு.

அரை ஜிபிக் கணக்கு

இந்த அனுபவத்தைப் பார்த்துவிட்டு, காணொளியே வேண்டாம் என்று சொல்வது அவசர முடிவு. பிழைத்தது காணொளி மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

பலர் கலந்துகொள்ளும் சூம் வகுப்புக்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 800 எம்பி டேட்டா போகிறது. எமது பாடசாலைகளில் ஒரு பாடவேளை 40 நிமிடம். ஆகவே ஒரு பாடத்துக்கு அரை ஜிபி. 30 பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் 15 ஜிபி. அந்தப் பணத்தைச் செலுத்துவது 30 குடும்பங்கள். அதே 30 பிள்ளைகளும் ஒரு வகுப்பறையில் ஒரு பெரிய திரைக்கு முன்னால் இருந்தால், ஒரே இணைப்பு, அதே அரை ஜிபி. செலவு முப்பதில் ஒன்றாகிறது. அதைச் செலுத்தவேண்டிய பொறுப்பும் குடும்பத்திடம் இருந்து பாடசாலைக்கு, அதாவது அரசாங்கத்துக்கு மாறுகிறது.

அதுமட்டுமல்ல. வகுப்பறைக்குள் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கேட்கும். விளங்காத முகத்தை ஆசிரியர் காண்பார். மத்தியானச் சாப்பாடு கிடைக்கும். வீட்டில் தனியே போனோடு இருக்கும் பிள்ளை எங்கே போகிறது, யாரோடு கதைக்கிறது என்ற பயமும் குறையும். போரால் சிதறிய சமூகத்தில் பிள்ளைகள் ஒன்றாக இருப்பதே கல்வியின் ஒரு பகுதி. கொவிட் காலத்தில் திரை வீட்டுக்குப் போனது, பிள்ளை பாடசாலைக்குப் போகமுடியவில்லை. இப்போது பாடசாலை திறந்திருக்கிறது. ஆகவே திரை இருக்கவேண்டிய இடமும் பாடசாலைதான்.

காட்டுக்குள் ஒரு வகுப்பறை

இப்படிச் செய்து காட்டிய நாடுகள் உண்டு. பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலம் ஆறுகளும் காடுகளும் நிறைந்த பிரதேசம். சில கிராமங்களுக்குப் படகில் நாள்கணக்கில் போகவேண்டும். அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியரை அனுப்ப முடியாத நிலையில், 2007 இல் மாநில அரசு ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. தலைநகர் மனாவுசில் உள்ள ஒளிப்பதிவுக்கூடத்தில் பாட ஆசிரியர்கள் நேரடியாகக் கற்பிக்கிறார்கள். செய்மதி வழியாக அது கிராமத்து வகுப்பறைகளுக்குப் போகிறது. பிள்ளைகள் அங்கிருந்தே கேள்வி கேட்கலாம், பதில் சொல்லலாம்.

முக்கியமான விடயம், அந்த ஒவ்வொரு கிராமத்து வகுப்பறையிலும் இன்னோர் ஆசிரியர் நிற்கிறார். அவர் எல்லாப் பாடத்திலும் நிபுணராக இருக்கவேண்டியதில்லை. பிள்ளைகளை ஒழுங்குபடுத்துவது, பயிற்சியைச் செய்விப்பது, விளங்காததைத் திரும்பக் கேட்கவைப்பது அவர் வேலை.

உருகுவே நாட்டிலும் இதே முறைதான். அங்கே ஆரம்பப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர்கள் போதாது. 2012 இல் தொடங்கிய செய்பால் ஆங்கிலத் திட்டத்தில், வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் ஆங்கில ஆசிரியர் கிழமைக்கு ஒரு தடவை காணொளியில் வருவார். மீதி இரண்டு பாடவேளைகளை ஆங்கிலம் அதிகம் தெரியாத வகுப்பாசிரியரே நடத்துவார். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் ஆங்கிலம் படிக்கிறார்.

தமிழ்நாடு வேறொரு பக்கத்தால் இதே முடிவுக்கு வந்தது. அங்கே 2019 ஓகஸ்ட் முதல் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. கொவிட் காலத்தில் அது பெரிய உதவி. ஆனாலும் பிள்ளைகள் பின்தங்கியதை அது தடுக்கவில்லை. ஆகவே 2021 ஒக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலர்களைப் பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்துக்கே அனுப்பினார்கள். திரை விட்ட இடத்தை மனிதர்கள்தான் நிரப்பினார்கள்.

‘நிறை’ என்றால் என்ன?

பக்கத்தில் ஓர் ஆசிரியர் ஏன் வேண்டும் என்பதற்கு எமக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. யூரியூப்பில் தமிழில் விஞ்ஞானப் பாடங்கள் ஏராளம். பெரும்பாலானவை தமிழ்நாட்டில் இருந்து வருபவை. எமது புத்தகத்தில் இரசாயனவியல், அங்கே வேதியியல். இங்கே பௌதிகவியல், அங்கே இயற்பியல். இங்கே அமுக்கம், அங்கே அழுத்தம். இவற்றைப் பிள்ளை எப்படியாவது பிடித்துக்கொள்ளும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எமது பாடத்திட்டத்தில் ஒரு பொருளில் உள்ள சடப்பொருளின் அளவு ‘திணிவு’, அதன் மேல் தாக்கும் புவியீர்ப்பு விசை ‘நிறை’. தமிழ்நாட்டுப் பாடநூலில் முதலாவதன் பெயர்தான் ‘நிறை’, இரண்டாவதன் பெயர் ‘எடை’. ஒரே சொல், இரண்டு பொருள். பரீட்சைத் தாளில் அந்தப் பிள்ளை புள்ளியை இழக்கும், ஏன் இழந்தோம் என்றும் அதற்குத் தெரியாது. “தம்பி, அவர் நிறை என்று சொல்வது எங்கள் திணிவு” என்று ஒரு வசனம் சொல்ல அறைக்குள் ஓர் ஆள் இருந்தால் போதும்.

இலங்கைப் பாடத்திட்டத்துக்கு ஏற்ற தமிழ்க் காணொளிகள் குறைவு. அமைச்சு வெளியிடுபவை முதலில் சிங்களத்தில் வந்து பிறகு தமிழுக்கு வருவது பழைய நோய். எமது பல்கலைக்கழகங்களும் கல்வியியற் கல்லூரிகளும் பழைய மாணவர் சங்கங்களும் காசைக் கொட்டவேண்டிய இடம் இது. ஒரு ஸ்மார்ட் போர்ட் ஒரு வகுப்பறைக்குத்தான். தரம் 10 கணிதத்துக்கு எமது பாடநூலை ஒட்டி ஒழுங்காக எடுத்த காணொளித் தொகுதி ஒன்று, தமிழ் படிக்கும் எல்லாப் பாடசாலைக்கும்.

புலத்தில் இருந்து கற்பிக்க விரும்புவோருக்கு

வெளிநாட்டில் இருக்கும் எமது ஆசிரியர்கள், பொறியியலாளர்கள், வைத்தியர்கள் பலர் நேரம் கொடுக்கத் தயார். இது உண்மையான பலம். 2009 இலேயே பிரித்தானியாவின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஸ்கைப் வழியாக இந்தியச் சிறுவர்களோடு கதைக்கும் முயற்சியைப் பேராசிரியர் சுகத மித்ரா தொடங்கினார். எமக்கோ மொழியும் உறவும் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆனால் மணிக்கூட்டைப் பார்க்காமல் திட்டம் போடக்கூடாது. இங்கே காலை 7.30க்குப் பாடசாலை தொடங்கும்போது ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 9 அல்லது 10 மணி. முதல் பாடவேளைக்கு அவர்கள் வரலாம், பிறகு நித்திரை. இலண்டனில் அது அதிகாலை 2 அல்லது 3 மணி. அங்கிருப்பவர்களுக்கு எமது சனிக்கிழமை மத்தியானம்தான் சரி. மெல்பேர்ணில் மத்தியானம் 12 அல்லது 1 மணி, வேலை நேரம், ஓய்வுபெற்றவர்களுக்குப் பொருந்தும். அத்தோடு ஒரு மாத உற்சாகம் போதாது. ஒரு தவணை முழுவதும், ஒரே கிழமை, ஒரே நேரம் வரமுடியும் என்பவர்களே வரவேண்டும். ஏற்கெனவே ஆசிரியர்கள் வந்து வந்து போன வகுப்பறை இது. திரையிலும் ஒருவர் பாதியில் மறைந்தால் பிள்ளைகளின் மனம் இன்னும் விட்டுப்போகும்.

யார் தருகிறார்கள், எதற்குப் பதிலாக?

பெரிய வாக்குறுதிகளை நாம் கண்டிருக்கிறோம். 2015 இல் கூகுளின் லூன் பலூன்கள் இலங்கை முழுவதுக்கும் இணையம் தரும் என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 2016 பெப்ரவரியில் ஒரு பலூன் வந்து கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. 2021 ஜனவரியில் அந்தத் திட்டமே உலகளவில் மூடப்பட்டது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்திருக்கிறது. சமிக்ஞை இல்லாத ஊருக்கு அது நல்ல வழி. ஆனால் மாதக் கட்டணம் 10,000 ரூபாவுக்கு மேல். முதல் வருடத்துக்கு யாராவது நன்கொடையாளர் கட்டுவார். இரண்டாம் வருடம்?

தருபவர் யார் என்பதும் வன்னியில் சாதாரணக் கேள்வி இல்லை. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் முன்பள்ளி ஆசிரியைகள் பலர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலுக்குள் போன வரலாறு எமக்குத் தெரியும். கல்வித் திணைக்களம் வெற்றிடம் விட்டால் அதை நிரப்பச் சீருடை வரும். வகுப்பறைக் கமராவும் இணைய இணைப்பும் அந்த வழியால் வரக்கூடாது. பிள்ளைகளின் முகமும் குரலும் பதிவாகும் இடம் அது. பதிவை யார் வைத்திருப்பார், எத்தனை நாள், யார் பார்க்கலாம் என்பதை அதிபரும் பெற்றோரும் எழுத்தில் தீர்மானிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இன்னொன்று. திரை வந்துவிட்டது, இனி ஆசிரியர் எதற்கு என்று ஒரு நாள் வலயக் கல்விப் பணிமனையோ மாகாண அமைச்சோ சொல்லக்கூடும். வெற்றிடப் பட்டியலில் இருந்து அந்தப் பாடசாலையின் பெயர் சத்தமில்லாமல் எடுபடக்கூடும். பிரேசிலும் உருகுவேயும் திரையை ஆசிரியருக்குத் துணையாக வைத்தன. இங்கே அதை ஆசிரியருக்குப் பதிலாக வைத்தால், நகரத்துப் பிள்ளைக்கு ஆளும் கிராமத்துப் பிள்ளைக்குப் படமும் என்று ஆகிவிடும்.

செய்யக்கூடியவை

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஒரு சாதனத்தை ஏற்றுக்கொள்ள முன்னர் ஐந்து விடயங்களைக் கேட்கலாம். இணையக் கட்டணத்தை மூன்று வருடத்துக்கு யார் கட்டுவார்? மின்சாரம் போனால் மாற்று வழி என்ன? பழுதானால் திருத்துபவர் எங்கே இருக்கிறார்? வகுப்பறைக்குள் நிற்கும் ஆள் யார், அவருக்கு என்ன கொடுப்பனவு? அந்தப் பாடத்தின் ஆசிரியர் வெற்றிடம் தொடர்ந்து பட்டியலில் இருக்கும் என்று வலயம் எழுத்தில் தருமா?

அறைக்குள் நிற்கும் ஆள் எமது ஊரிலேயே இருக்கிறார். உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படித்துவிட்டு, பல்கலைக்கழக அனுமதிக்காகவோ வேலைக்காகவோ காத்திருக்கும் இளைஞர் யுவதிகள் பலர். ஸ்மார்ட் போர்ட் வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பெரிய சாதாரணத் தொலைக்காட்சி வாங்கி, மிச்சத்தை அப்படி ஒருவரின் மாதக் கொடுப்பனவுக்கு ஒதுக்கினால் பலன் கூட. ஆசிரியர் நியமனம் வரும்வரைக்கும் அவர் நிற்பார்.

இணைப்பு மெதுவாக உள்ள இடத்தில் எல்லாம் நேரலையாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. பாடக் காணொளியை இரவில் தரவிறக்கி பென் டிரைவில் வைத்துப் பகலில் போடலாம். கிழமைக்கு ஒரு தடவை மட்டும் நேரடியாக இணைந்து, பிள்ளைகள் சேர்த்து வைத்த கேள்விகளைக் கேட்கலாம். கொலிப்ரி போன்ற இலவச மென்பொருள்கள் இணையமே இல்லாமல் ஒரு சின்னக் கணினியில் இருந்து வகுப்பு முழுவதற்கும் பாடங்களைக் கொடுக்கும்.

காயக்காரரைக் கிடத்தவும் பயன்பட்ட பாடசாலை இது. இன்று அதற்கு ஒரு திரை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அந்தத் திரையை அணைத்த பிறகும் வகுப்பறையில் நின்று, “விளங்கினதா?” என்று பிள்ளைகளைக் கேட்கும் ஒருவரைத் தருவது அரசாங்கத்தின் கடமை. அந்தக் கடமையை நினைவுபடுத்திக் கேட்பது பெற்றோரின் உரிமை. திரையை வாங்கித் தர முன்வரும் உறவுகளும் அந்தக் கேள்வியை எங்களோடு சேர்ந்து கேட்க வேண்டும்.